அலைமேல் வரும் நாய் மகிழ்கிறதா? – வாசகர் கேள்வி, கால்நடை மருத்துவர் பதில்

நாயைக் கடல் அலையில் பலகைமேல் ஏற்றிச் செல்வது பற்றிக் காட்பாடி வாசகி ஒருவர் எழுதிய கடிதம் இந்த மாதம் முதலில் வந்தது. அதே பொருளைத் தொட்டு வேறு சிலரும் எழுதியிருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இந்தப் பொருள் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் சனி, ஞாயிறுகளில் கோவளத்தில் சர்ஃபிங் கற்றுக்கொள்கிறான். எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு மூன்று வயது ஆகிறது. அதையும் பலகையில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப்போக வேண்டும் என்கிறான். வெளிநாட்டு நாய்கள் வாயைத் திறந்து சிரித்தபடி அலைமேல் வருகிற காட்சிகளைக் கைப்பேசியில் காட்டுகிறான். நாய்க்கு அதில் உண்மையிலேயே மகிழ்ச்சி இருக்கிறதா, நமக்காகப் பொறுத்துக்கொள்கிறதா?
– வாசகி, காட்பாடி

பதில்: அம்மா, சில நாய்களுக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி உண்டு, பல நாய்கள் உங்கள் மகனைப் போன்ற அன்பானவர்களுக்காகப் பொறுத்துக்கொள்கின்றன. உங்கள் நாய் இவற்றில் எந்த வகை என்பதை அந்தக் கைப்பேசிக் காட்சிகளைக் கொண்டு சொல்லவே முடியாது.

அந்தக் காட்சிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையிலிருந்து வருபவை. அங்கே பசிபிகா என்னும் ஊரில் 2016 முதல் நாய்களுக்கான உலக அலைச்சறுக்குப் போட்டி நடந்துவருகிறது. ஹன்டிங்டன் பீச்சிலும் பெயர் பெற்ற போட்டி நடந்திருக்கிறது. அபி கேர்ள் என்னும் கெல்பி இன நாய் 2011இல் சான் டியேகோவில் ஒரே அலையில் 107.2 மீட்டர் தூரம் வந்து கின்னஸ் சாதனை படைத்தது. இத்தகைய நாய்கள் அலையை விரும்புபவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பலகையைக் கண்டதும் திரும்பி நடந்துவிட்ட நாய்களை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை என்பதையும், நம் கைப்பேசிக்கு வந்து சேர்வது வடிகட்டிய பிறகு மிஞ்சியவை மட்டுமே என்பதையும் உங்கள் மகன் நினைவில் வைக்க வேண்டும்.

அந்தக் கடற்கரையின் ரிகோஷே என்னும் கோல்டன் ரெட்ரீவர் நாயின் கதையை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். உடல் ஊனமுற்றவர்களுக்குப் பணிவிடை செய்யும் நாயாகத்தான் அதை முதலில் பழக்கினார்கள். பறவையைக் கண்டால் துரத்தும் குணம் போகாததால் அந்தப் பணிக்கு ஆகாது என்று விலக்கினார்கள். பிறகு அது அலைச்சறுக்குக்கு வந்தது. 2009இல் கை கால் செயலிழந்த பதின்வயதுச் சிறுவன் ஒருவன் பக்கத்துப் பலகையில் வந்தபோது, யாரும் சொல்லாமலே தன் பலகையை விட்டு அவன் பலகைக்குத் தாவியது என்று அதை வளர்த்தவர் சொல்லியிருக்கிறார். அதன் பின் பல ஆண்டுகள், ஊனமுற்ற குழந்தைகளோடும் போரில் காயமுற்ற வீரர்களோடும் அது அலையில் சென்றது. இதில் என் மனத்தைத் தொடுவது அதன் திறமையைவிட, இரண்டு இடங்களிலும் அதன் விருப்பத்துக்கு மனிதர்கள் இடம் கொடுத்தார்கள் என்பதே. பறவையைத் துரத்திய நாயை அடித்துத் திருத்தவில்லை. பலகை மாறிய நாயைப் பழைய பலகைக்கு இழுக்கவுமில்லை.

இனி அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்கிறேன். நாய்க்கு உள்ளங்காலைத் தவிர வேறெங்கும் சொல்லிக்கொள்ளும்படி வியர்ப்பதில்லை. உடல் சூட்டை அது வாயைத் திறந்து இரைத்துத்தான் வெளியேற்றுகிறது. ஆகவே வெயிலுக்கும் வாய் திறக்கும், ஓடி வந்தாலும் திறக்கும், அச்சத்திலும் திறக்கும். இளகிய மனத்தோடு இரைக்கும் நாயின் வாயோரம் தளர்ந்திருக்கும், கண் மென்மையாக இருக்கும். அஞ்சி இரைக்கும் நாயின் வாயோரங்கள் காதை நோக்கி இழுபட்டுக் கன்னத்தில் மடிப்பு விழும்; கண்ணின் வெள்ளை விளிம்பு தெரியும்; இடையிடையே வாயை மூடி மூக்கை நக்கும், உறக்கம் வராத வேளையில் கொட்டாவி விடும். வாலும் அப்படித்தான், ஆடும் வாலெல்லாம் மகிழ்ச்சியில் ஆடும் வால் அல்ல. 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் நாய்களைப் படம் பிடித்து அளந்தபோது, வளர்ப்பவரைக் கண்டால் வால் வலப்பக்கம் கூடுதலாகவும், முன்பின் தெரியாத மிடுக்கான நாயைக் கண்டால் இடப்பக்கம் கூடுதலாகவும் ஆடியதைக் கண்டார்கள். இதைக் கடற்கரையில் கண்ணால் அளக்க முடியாது. ஆனாலும் வால் ஆடியதைப் பார்த்தவுடன் முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்கு இது போதும்.

பலகைமேல் நிற்கும்போது இந்த அடையாளங்களும் குழம்பிப்போகின்றன. காதைக் காற்று பின்னுக்குத் தள்ளும். சமநிலைக்காக உடல் தாழும். வால் சுக்கான் போல வேலை செய்யும். அஞ்சிய நாயும் துணிந்த நாயும் அங்கே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். எனவே பலகைக்கு ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் மணலில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மாமல்லபுரத்தில் ஒரு விடியற்காலையில் இரண்டு நாய்களை ஒரே கரையில் பார்த்தேன். பழுப்பு நிற லாப்ரடார் ஒன்று, இடுப்பளவு நீரிலிருந்து தள்ளிவிடப்பட்ட பலகையில் வந்து, கரை தொடுவதற்குள் குதித்து, ஒரு முறை உடலை உதறிவிட்டு, பலகையைத் திருப்பிக்கொண்டிருந்தவரை முந்திச் சென்று அதன்மேல் முன்னங்கால்களை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தது. தாமதம் பொறுக்காமல் ஒரு குரல் குரைத்தது. மற்றொன்று வெளிர்நிறம், வயதில் இளையது. பலகைமேல் கல்லைப் போல அசையாமல் நின்றே வந்தது, கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். இறங்கியதும் தன்னை வளர்த்தவரைக் கடந்து நேரே நடந்து, மேட்டில் ஏற்றி வைத்திருந்த மீன்பிடிப் படகின் நிழலுக்குப் போய், கடலுக்கு முதுகைக் காட்டிப் படுத்தது. அவர் மண்டியிட்டு அழைத்தபோது எழுந்து வரத்தான் செய்தது. வாலைத் தாழ்த்தி விரைவாக ஆட்டிக்கொண்டு, மூக்கை நக்கிக்கொண்டு வந்தது. கைதட்டு முழுவதும் அந்த இரண்டாம் நாய்க்கே கிடைத்தது. அதன் முதுகைத் தடவிக் கொடுத்தபோது தோளிலிருந்து பின்தொடை வரை மெல்லிய நடுக்கம் ஓடியதை என் உள்ளங்கையில் உணர்ந்தேன். அன்று காற்றில் குளிரே இல்லை.

உங்கள் மகன் அவசியம் முயல விரும்பினால், பலகையை முதலில் உங்கள் வீட்டு மாடியில் போடச் சொல்லுங்கள். நாய் தானாக அதன்மேல் ஏறி, இறங்கி, படுத்து, அதைத் தன் இடமாக்கிக்கொள்ள ஒரு வாரமோ ஒரு மாதமோ ஆகட்டும். பிறகு அலையில்லாத ஆழமற்ற நீரில் பழக்கலாம். கடலுக்கு வரும்போது மேற்பரப்பு மெத்தென்று இருக்கும் பயிற்சிப் பலகையே தேவை, கெட்டியான வழவழப்புப் பலகையில் நகம் பிடிக்காது. முதுகில் கைப்பிடி உள்ள, நாய்க்கென்றே தைத்த லைஃப் ஜாக்கெட் இல்லாமல் நீரில் இறங்கவே கூடாது. பலகையோடு நாயைக் கயிற்றால் கட்டுவது எந்த நிலையிலும் கூடாது; பலகை புரண்டால் அந்தக் கயிறே தூக்குக் கயிறாகிவிடும். நம் கிழக்குக் கரையில் கரைக்கு வெகு அருகில் வந்து மடிந்து அடிக்கும் அலையும், உள்ளே இழுக்கும் நீரோட்டமும் உண்டு. இன்னும் தானே கற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் தன்னையும் காத்து நாயையும் காக்க முடியாது. ஆகவே உங்கள் மகன் முதலில் நன்றாகத் தேறட்டும். நாய்க்கு வயது மூன்றுதான் ஆகிறது, காத்திருக்கும்.

ஒவ்வோர் அலைக்குப் பின்னும் நாயை விட்டுவிட்டு, பலகையைத் தரையில் வைத்து, அழைக்காமல், தின்பண்டம் காட்டாமல் நிற்கச் சொல்லுங்கள். பலகைக்கு அது தானாக வந்தால் இன்னோர் அலை. வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் நாய் வீட்டில் குழாய்த் தண்ணீரைக் கண்டால் குதிக்கும். புதுச்சேரிக் கடலில் இறக்கியபோது நடுங்கி, என் தோள்மேல் ஏறப் பார்த்தது. "நாலு முறை உள்ளே தூக்கிப் போட்டால் பழகிவிடும்" என்கிறார் என் மைத்துனர். சரியா?
– வாசகர், இராணிப்பேட்டை

பதில்: சரியில்லை. உங்கள் மைத்துனர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார் என்றாலும், இந்த ஒரு யோசனையைக் கேட்டுக் கெட்டுப்போன நாய்களை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன்.

நான் பள்ளியில் படித்த நாட்களில் அணைக்கட்டு என்னும் ஊர்ப் பக்கம் என் தாத்தாவின் கொல்லையில் ஒரு பெரிய கிணறு இருந்தது. கோடை விடுமுறையில் நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் மேலிருந்து குதித்து நீந்துவோம். மணி என்னும் கறுப்பு நாட்டு நாய் எங்களோடு கிணற்று மேட்டைச் சுற்றிச் சுற்றி ஓடிக் குரைக்கும். எங்களில் யாராவது நீரில் மூழ்கினால் தலை தெரியும் வரை படியில் நின்று முனகும். ஒரு நாள் பெரிய பையன்கள் இருவர் அதற்கும் நீச்சல் பழக்குவதாகச் சொல்லி முன்கால் பின்கால் பிடித்து வீசினார்கள். நீந்தத்தான் செய்தது; நாய்க்குக் கால் உதைப்பது இயல்பாக வரும். சுவரைப் பிறாண்டிப் பிறாண்டி, படியைக் கண்டுபிடித்து ஏறி வந்தபோது முன்னங்கால் நகங்களில் இரத்தம் இருந்தது. "பார், நீந்துகிறது" என்று எல்லாரும் மகிழ்ந்தோம், நானும்தான். அதற்குப் பிறகு மணி எங்களோடு கொல்லைக்கு வந்தாலும், கிணறு கண்ணுக்குத் தெரிகிற வேப்பமரம் வரை வந்து நின்றுவிடும். அதன் ஆயுள் முடியும் வரை அந்த மரத்தைத் தாண்டவில்லை.

பழகிவிடுவது போலத் தோன்றும் நாய்களும் உண்டு; அவற்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். 1967இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகியோர் நாய்களுக்குத் தப்ப முடியாத மின்னதிர்ச்சி கொடுத்து ஒரு சோதனை நடத்தினார்கள். இன்று அப்படிப்பட்ட சோதனையை எவரும் நல்லதென்று சொல்லமாட்டார்கள். பிறகு அதே நாய்களைத் தாழ்ந்த தடுப்பு ஒன்றைத் தாண்டினாலே தப்பிக்கக்கூடிய இடத்தில் விட்டபோது, அவற்றில் பல தாண்ட முயலாமல் படுத்து முனகிக்கொண்டே அதிர்ச்சியைத் தாங்கின. என்ன செய்தாலும் பயனில்லை என்று கற்றுக்கொண்ட உயிர் எதிர்ப்பதை நிறுத்திவிடும். நான்காம் முறை தூக்கிப் போடும்போது உங்கள் நாய் அமைதியாக இருந்தால், அது கடலை ஏற்றுக்கொண்டது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?

குழாய்த் தண்ணீரும் கடலும் நாய்க்கு ஒன்றல்ல. பாலாற்றை 'நீரில்லாத ஆறு' என்று சொல்லும் வேலூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதைப் போன்ற நாட்களை விட்டுவிட்டால், நம் நாய்க்கு ஆறு என்பது மணல்தான். அப்படி வளர்ந்த உயிர் முதன்முதலாக முழங்கும் நீரைப் பார்க்கிறது. நம்மைவிடக் கூர்மையான காதோடு அந்த முழக்கத்தைக் கேட்கிறது. அடுத்த முறை போனால் அலை எட்டாத மணலில் அதனோடு உட்காருங்கள். அது எழுந்து எத்தனை அடி முன்னே போகிறதோ அத்தனை அடி போதும்.

கேள்வி: சிப்பிப்பாறை நாயைச் சர்ஃபிங் பழக்கலாமா? என் நண்பர் பக் வைத்திருக்கிறார், அவரும் கேட்கச் சொன்னார்.
– வாசகர், குடியாத்தம்

பதில்: சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் ஆகியவை நிலத்தில் ஓடி வேட்டையாடப் பிறந்தவை. உடலில் கொழுப்பு குறைவு என்பதால் நீரில் எளிதில் மிதப்பதில்லை. விரைவில் குளிர்ந்தும் போகும். உங்கள் நாய் விரும்பி இறங்கினால் கணுக்கால் நீரில் ஓடட்டும், அந்தக் கால்களுக்கு ஈர மணலே பெரிய விருந்து. பக் நாய்க்கு மூக்கு குட்டை, மூச்சுக்குழல் குறுகல், தலை கனம். நிலத்திலேயே வெயிலில் மூச்சுக்குத் திணறும் உயிரை அலையில் விட வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லுங்கள். லாப்ரடார் மட்டும் எப்படித் தகுதி பெற்றது என்றால், அதன் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு நீரில் வேலை செய்தவை. நீர் ஒட்டாத இரட்டை மயிரும், விரல்களுக்கிடையே சவ்வும், தடித்த வாலும் அங்கிருந்து வந்த சொத்து. அப்படியிருந்தும் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் லாப்ரடார்களுக்கு நானே தடுப்பூசி போட்டிருக்கிறேன்.

கேள்வி: கடலுக்குப் போய் வந்த இரவு எங்கள் நாய் இரண்டு முறை வாந்தி எடுத்தது. மறுநாள் வால் தொங்கிப்போய்விட்டது. பயந்துவிட்டோம், பிறகு சரியாகிவிட்டது. எதனால்?
– வாசகி, ஆரணி

பதில்: வாந்திக்குக் கடல்நீரை விழுங்கியதே காரணமாக இருக்கக்கூடும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உடலிலுள்ள நீர்மத்தின் உப்பைவிட அது ஏறக்குறைய நான்கு மடங்கு. பலகையில் வரும் நாயைவிட, நீரில் வீசிய பந்தைத் திரும்பத் திரும்பக் கவ்வி வரும் நாய் அதிகமாக விழுங்கும். சிறிதளவு போனால் வாந்தியும் கழிச்சலும் வந்து நிற்கும். மிகுதியாகப் போனால் தள்ளாட்டம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. தள்ளாடினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். கடற்கரைக்கு நல்ல தண்ணீரைப் புட்டியில் எடுத்துச் சென்று, கால் மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் தாகத்தில் கடலைக் குடிக்காது.

வால் தொங்கியது, பழக்கமில்லாமல் நெடுநேரம் நீந்தியதால் வாலடித் தசை நோவு கண்டதன் அடையாளம். லாப்ரடார்களுக்கு இது வருவதுண்டு. சில நாள் ஓய்வில் சரியாகும், ஆனால் வலி உண்மையானது. வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டாம். நீருக்குள் மூழ்கி எழுந்த நாய்க்கு மறுநாள் வரை இருமலோ வேகமான மூச்சோ வருகிறதா என்று கவனியுங்கள், நுரையீரலில் நீர் போயிருந்தால் தாமதமாகத்தான் தெரியும். நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, தொங்கும் காதின் உட்புறத்தை மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்துங்கள். நம் பக்கத்திலிருந்து கடலுக்குப் போவதென்றால் போக மூன்று மணி, வர மூன்று மணி ஆகும். நாய்க்கு அந்த நாளின் கொடிய பகுதி பெரும்பாலும் கடல் அல்ல. நண்பகலில் திரும்பும் காரும், சாப்பிட இறங்கும்போது அதை உள்ளே பூட்டிவிட்டுப் போகும் அந்த அரை மணி நேரமும்தான். அக்னி நட்சத்திரத்தில் இந்தப் பயணமே வேண்டாம்.

கேள்வி: எங்கள் கழனியில் ஒரு நாட்டு நாய் இருக்கிறது. மோட்டார் போட்டதும் எங்கிருந்தாலும் ஓடி வந்து தொட்டியில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். இவ்வளவு நீர் ஆசை உள்ள நாய் கடல் அலையையும் ரசிக்கும் அல்லவா? ஒரு முறை கூட்டிப்போகலாம் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.
– வாசகர், ஒடுகத்தூர்

பதில்: நீர் ஆசை என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதற்குள் பல ஆசைகள் இருக்கின்றன. ஒரு நாய்க்குக் குளிர்ச்சி வேண்டும். இன்னொன்றுக்குப் பந்து வேண்டும், அது நீரில் விழுந்தாலும் சரி, முள்ளில் விழுந்தாலும் சரி. வேறொன்றுக்குத் தன் வீட்டுப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ அங்கே இருக்க வேண்டும். அலையில் சறுக்கும் வேகத்தையே விரும்பும் நாயும் உண்டு, மாமல்லபுரத்தில் நான் பார்த்த பழுப்பு நாய் அத்தகையது என்றே நம்புகிறேன். உங்கள் நாய் கேட்பது வயிற்றின்மேல் ஓடும் குளிர்ந்த நீர். மோட்டார்ச் சத்தம் கேட்டதும் வருகிறது, வேண்டிய மட்டும் இருக்கிறது, போதும் என்றதும் எழுந்து போகிறது. யாரும் அதைத் தூக்கிவிடவில்லை, பிடித்து வைக்கவும் இல்லை.

பிள்ளைகளின் ஆசை அந்த நாயின்மேல் உள்ள அன்பால் வந்தது என்பதால் அதை மறுக்க மனம் வரவில்லை. அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். நாளைக்கு மோட்டார் போட்டதும் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து, அதன் வாயோரம், கண், காது, வால் எப்படி இருக்கின்றன என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு பத்து நாள் எழுதட்டும். பிறகு கடலுக்குப் போனால் அந்த நோட்டையும் கையில் எடுத்துப் போகட்டும்.